கும்பகோணத்தில் ஒரு கேம் கடை: கேசட்டில் தொடங்கி பிஎஸ்4ல் மூடியது வரை

கும்பகோணத்தில் மகாமகக் குளத்திலிருந்து ரயிலடிக்குப் போகிற பக்கம் ஒரு சந்தில், பத்து வருஷத்துக்கு மேல் ஓடி 2019ல் ஷட்டரை இறக்கிய ஒரு கடை, சோனி கம்பெனியின் பிளேஸ்டேஷன் (சுருக்கமாக பிஎஸ்) மெஷினில் மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடுகிற இடம். அதன் கதையை முழுசாக எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கடைக்காரரை நான் அண்ணன் என்றே கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் வந்தார்கள், எந்த சீட், எத்தனை மணிக்கு உட்கார்ந்தார்கள், எத்தனை மணிக்கு எழுந்தார்கள், என்ன கேம் ஆடினார்கள் என்பதையெல்லாம் கோடு போட்ட நோட்டில் எழுதிவிடுவார். கரண்ட் போன நேரத்தில் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். அந்த நோட்டுகளையும் அவர் பேச்சையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் யாரைக் கேட்டாலும் "செல்போன் வந்துச்சு, கடை போச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நோட்டைப் புரட்டினால் அப்படித் தெரியவில்லை. கையில் செல்போன் வருவதற்கு முன்னாலேயே சாயங்கால சீட்டுகள் காலியாக ஆரம்பித்துவிட்டன. என் கணிப்பு இதுதான்: போன் கடையை மூடவில்லை, கன்சோல்தான், அதாவது டிவியில் மாட்டி ஆடுகிற கேம் மெஷின்தான், முதலில் கடையை விட்டு விலகிப்போனது. ஒரு டிவி முன்னால் இரண்டு பேர் தோளோடு தோள் உட்கார்ந்து ஆடுகிற பொருளாக இருந்தது, ஒரு வீட்டில், ஒருத்தர் பெயரில், ஒரு இணையக் கணக்கோடு ஓடுகிற பொருளாக மாறியது. மணிக்கணக்கில் சீட்டை வாடகைக்கு விடுகிறவருக்கு அந்தப் பொருளில் இடமே இல்லாமல் போனது.

கேசட் காலம்

அண்ணனுடைய அப்பா ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்தவர். தொண்ணூறுகளில் கடை முகப்பில் ஒரு டிவியும் ஒரு கேசட் கேம் மெஷினும் வைத்திருந்தார், சில்லறைக் காசுக்குச் சில நிமிஷம் ஆடலாம். பெட்டியில் என்ன பெயர் போட்டிருந்தாலும் உள்ளே இருந்தது ஜப்பானில் நின்டெண்டோ 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்தான். அந்த மெஷினின் சிப்புகளையெல்லாம் ஒரே சிப்பில் அடக்கி, சீனாவிலும் தைவானிலும் மலிவாகச் செய்து அனுப்பினார்கள். நம்ம ஊர்ப் பையன்கள் ஆடிய மரியோ முழுசும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரியது. கேசட் மேல் "9999 இன் 1" என்று போட்டிருக்கும், உள்ளே ஐந்தாறு கேமே வேறு வேறு லெவலிலிருந்து திரும்பத் திரும்ப வரும். அதைப் பற்றி யாரும் சண்டைக்குப் போகவில்லை. கான்ட்ராவும் மரியோவும் இருந்தால் போதும்.

கேசட் மெஷினோடு ஆடுகிற, வாத்து சுடுகிற துப்பாக்கி வேலை செய்த விதம் அருமையானது. விசையை அழுத்தியதும் திரை கண நேரம் கறுப்பாகி, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கிக் குழாயில் இருக்கிற ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். அதாவது துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை, டிவியிலிருந்து துப்பாக்கிக்கு ஒளி வருகிறது. இதற்குப் பழைய பிக்சர் டியூப் டிவியின் வேகம் தேவை. எல்ஈடி டிவி படத்தைக் கொஞ்சம் தாமதித்துக் காட்டுவதால் அந்தத் துப்பாக்கி இன்றைக்கு எந்த வீட்டு டிவியிலும் வேலை செய்யாது. பரணிலிருந்து எடுத்து மாட்டிப் பார்த்துவிட்டு "பழுதாயிருச்சு" என்று தூக்கிப் போட்டவர்கள் நிறைய பேர். துப்பாக்கிகள் நன்றாகவே இருந்தன.

2006ல் தமிழக அரசு இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. 14 அங்குல பிக்சர் டியூப் டிவி. திருவிடைமருதூர், நாச்சியார்கோவில், வலங்கைமான் பக்கத்து ஊர்களில் கூரை வீட்டிலும் டிவி வந்தது. கூடவே கேசட் கேமும் வீட்டுக்குள் போனது. ஆன்டெனா குத்துகிற இடத்தில் கேம் வயரைக் குத்தினால் போதுமே. அண்ணன் அந்த மெஷின்களை விற்று நல்ல லாபம் பார்த்தார், அதேசமயம் காசுக்குக் கேசட் கேம் ஆட வருகிறவர்கள் நின்றே போனார்கள். வீட்டில் சும்மா கிடைக்கிற ஒன்றுக்குக் கடையில் காசு வாங்க முடியாது என்பதை அவர் அப்போதே பார்த்துவிட்டார். அதற்குள் அவர் கையில் பிஎஸ்2 இருந்தது.

பிஎஸ்2: கடை உண்மையில் எதை விற்றது

பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் 2000 மார்ச்சில் வந்தது. 15 கோடிக்கும் மேல் விற்று, உலகத்திலேயே அதிகம் விற்ற கன்சோல் என்று பெயர் வாங்கியது. 2013 தொடக்கம் வரை உற்பத்தி நிற்கவில்லை. டெல்டாவுக்கு அது பெரும்பாலும் சிங்கப்பூர், வளைகுடா போய்வந்தவர்களின் பெட்டியில்தான் வந்து சேர்ந்தது. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், மன்னார்குடி பக்கமெல்லாம் வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டில் இருக்கிற ஊர்கள். மாமா வாங்கிவந்த மெஷினைப் பையன் இரண்டு வருஷம் ஆடிவிட்டு, பத்தாம் வகுப்பு வந்ததும் அம்மா அதை விற்கச் சொல்வார். அண்ணன் முதலில் வாங்கிய மெஷின்கள் எல்லாம் அப்படி வந்தவை. மற்றதைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினார்.

டிஸ்க் விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கடை ஓடியது காப்பி டிஸ்க்கில். மெஷினைத் திறந்து சிறு சிப் ஒன்றை சால்டர் வைத்தால் காப்பி டிவிடி ஓடும். ரிப்பேர் கடைப் பிள்ளைக்கு அது பெரிய வேலை இல்லை. ஒரிஜினல் டிஸ்க்கின் விலைக்கு இருபது முப்பது காப்பி டிஸ்க் கிடைத்தது, அதோடு ஒரிஜினலை வாங்கலாம் என்று நினைத்தாலும் கும்பகோணத்தில் விற்கிற கடை கிடையாது. செய்தவர்களின் உழைப்புக்கு அதில் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை, அது தப்புதான். ஆனால் டெல்டாவில் ஒரு தலைமுறைக்கு இந்த விளையாட்டுகளைக் காட்டியது அந்த டிஸ்க்குகள்தான் என்பதும் உண்மை. இந்தியாவுக்கென்று சோனி வெளியிட்ட கேம்கள் சில இருந்தன. கபடியும் கில்லியும் இருந்த தேசி அட்டா, அனுமனை வைத்து ஒன்று, தெரு கிரிக்கெட் ஒன்று. 2009, 2010 வாக்கில் வந்தவை. அண்ணன் கடையில் அவற்றை யாரும் கேட்டதில்லை. கபடியை நிஜமாகவே ஆடுகிற ஊரில் அதை ஜாய்ஸ்டிக்கில் ஆட யார் காசு கொடுப்பார்கள்!

இப்போது நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். எந்த கேம் எத்தனை நேரம் ஓடியது என்று பார்த்தால், ஊர்ப் பையன்களின் ரசனை மட்டும் தெரிவதில்லை, மணிக்கு இருபது ரூபாய் என்கிற கணக்கே எது நல்ல கேம் என்பதை முடிவு செய்திருப்பதும் தெரிகிறது. சண்டை கேமான டெக்கனில் ஒரு ரவுண்டு ஒரு நிமிஷம். மல்யுத்தத்தில் ஸ்மேக்டவுன் ஹியர் கம்ஸ் தி பெயின், ஒரு மேட்ச் ஐந்து முதல் எட்டு நிமிஷம். கால்பந்து, பாதிக்கு ஐந்து நிமிஷம் என்று அண்ணனே செட் பண்ணி வைத்திருப்பார். ஈஏ கிரிக்கெட் 07ல் ஐந்து ஓவர் மேட்ச் என்றால் அரை மணிக்குள் முடியும். "தோத்தவன் எந்திரி" என்பது கடைச் சட்டம். இரண்டு பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு உட்கார்வார்கள், பின்னால் நாலு பேர் முறைக்குக் காத்திருப்பார்கள், அதில் ஒருத்தன் தோற்றவன் இடத்தில் உட்கார்ந்து அடுத்த மணிக்கும் காசு போடுவான். சீட் ஆறவே ஆறாது.

கதை கேம்களான சான் ஆண்ட்ரியாஸும் காட் ஆஃப் வாரும் இதற்கு நேர் எதிர். ஒருத்தன் மூன்று மணி நேரம் தனியாக ஆடுவான், பின்னால் ஏழெட்டுப் பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், காசு கொடுப்பது அந்த ஒருத்தன் மட்டும். அதனால் கதை கேமெல்லாம் மத்தியானம் இரண்டு மணிக்குள், சாயங்காலம் ஜோடி கேம் மட்டும் என்று அண்ணன் பிரித்தார். கதை கேம் ஆடுகிறவர்கள் தங்கள் மெமரி கார்டைச் சட்டைப் பையில் கொண்டுவருவார்கள். 8 மெகாபைட் கார்டு. அதில்தான் அவன் அதுவரை ஆடிய ஆட்டம் முழுக்க இருந்தது. கல்லூரி மாணவன் ஒருத்தன் கும்பகோணத்தில் ஆடிய சான் ஆண்ட்ரியாஸை லீவில் ஊருக்குப் போய் மயிலாடுதுறையில் ஒரு கடையில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். கடையோ மெஷினோ யாருடையதாக இருந்தாலும் ஆட்டம் அவனுடையது. பிறகு நடந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள இந்த விஷயத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஆட வந்தவர்களில் பாதிப் பேர் வெளியூர். பள்ளிப் பிள்ளைகளுக்கு பஸ் பாஸ் இலவசம் என்பதால் சுவாமிமலையிலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் வருகிறவன் கையில் இருக்கிற இருபது ரூபாயை முழுசாகக் கடையில் செலவழிக்க முடிந்தது. ஆடுதுறையிலிருந்து பஸ் ஏறிவந்து மகனைத் தேடிய அம்மாக்களும் உண்டு. "தம்பி, எங்க புள்ள இங்க வந்தானா?" என்று வாசலில் நின்று கேட்பார்கள். அண்ணன் ஒளித்து வைக்க மாட்டார், நோட்டைப் பார்த்து இத்தனை மணிக்கு வந்தான், இத்தனை மணிக்குப் போனான் என்று சொல்லிவிடுவார். பள்ளி நேரத்தில் சீருடையோடு யாரையும் உள்ளே விடமாட்டார். இந்த இரண்டு வழக்கத்தால்தான் கடை மீது தெருவில் ஒரு புகாரும் வரவில்லை என்று நினைக்கிறேன்.

கரண்ட் கட்

கடை விழுந்ததற்குப் பலர் சொல்கிற இரண்டாவது காரணம் மின்வெட்டு. 2008 வாக்கில் ஆரம்பித்தது, 2012 கடைசியில் உச்சம். சென்னையைத் தவிர்த்த மாவட்டங்களில் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் கிடையாது. ஒரு மணி இருக்கும், ஒரு மணி இருக்காது. மணிக்கணக்கில் காசு வாங்குகிற தொழிலுக்கு இதைவிடப் பெரிய அடி என்ன வேண்டும்?

அண்ணன் இன்வெர்ட்டர் போட்டார். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. ஏட்டளவில் 1800 வாட்-மணி, நஷ்டமெல்லாம் போக ஆயிரம், ஆயிரத்து நூறு கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம். 21 அங்குல டிவி 80 வாட், ஒல்லி பிஎஸ்2 ஒரு 30 வாட், ஆக ஒரு சீட்டுக்கு 110. இரண்டு சீட்டும் ஒரு ஃபேனும் ஓடினால் 290 வாட், மூன்றரை மணி போலத் தாங்கும். ஆனால் தீர்ந்த பேட்டரி முழுசாக ஏற எட்டுப் பத்து மணி நேரம் வேண்டும், கரண்டோ ஒன்று விட்டு ஒரு மணிதான் வருகிறது. அதனால் நாலு சீட்டில் இரண்டுதான் எப்போதும் ஓடின. போதாததற்குச் சாயங்காலத்தில் லோ வோல்டேஜ், டிவியில் படம் நாலு பக்கமும் சுருங்கும்.

மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மொத்த சேவும், அதாவது அதுவரை ஆடிப் பதிந்துவைத்ததும், கெட்டுவிட வாய்ப்பு உண்டு. ஒரு மாச உழைப்பு போன பையன்கள் கடையிலேயே அழுதிருக்கிறார்கள். வெட்டு ஓரளவு சொல்லிவைத்த நேரத்தில் வந்ததால் அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, போவதற்குக் கொஞ்சம் முன்னால் "சேவ் பண்ணிக்கங்கடா" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரலைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

ஆனாலும் நோட்டு சொல்வது வேறு. 2012 நோட்டில் குறுக்குக் கோடுகள் வரிக்கு வரி இருக்கின்றன, சீட்டுகள் குறைந்திருக்கின்றன, ஆனால் ஓடிய சீட்டுகளில் இடைவெளியே இல்லை. வீட்டில் கரண்ட் இல்லாதவர்கள் ஃபேன் காற்றுக்காவது வந்தார்கள். கரண்ட் சீரான பிறகு நாலு சீட்டும் திரும்ப நிறைந்திருக்க வேண்டும். அப்படி நிறையவில்லை. எனவே மின்வெட்டு கடையை வாட்டியது உண்மை, மூடியது அது இல்லை.

பிஎஸ்3ம் பிஎஸ்4ம்

பிஎஸ்3 2006 நவம்பரில் வெளியாகி, அடுத்த வருஷம் இந்தியாவுக்கு 40 ஆயிரம் ரூபாய் அளவில் வந்தது. அண்ணன் காத்திருந்து, விலை இறங்கிய பிறகு பழைய மெஷின் ஒன்றை வாங்கினார். கொண்டுவந்து கடையில் இருந்த 21 அங்குல டிவியில், அந்த மஞ்சள்-வெள்ளை-சிவப்பு வயரில் மாட்டினால், பையன்கள் "பிஎஸ்2 மாதிரிதானே அண்ணே இருக்கு" என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. அந்த மெஷின் செய்யப்பட்டதே ஹெச்டி டிவிக்காக. பழைய டிவியில் அதன் திறமை தெரியாது, எழுத்துகள் பொடியாகிப் படிக்கவே முடியாது. அப்படியென்றால் எல்சிடி டிவி வாங்க வேண்டும். ஒரு சீட்டுக்குப் போடுகிற முதல் பல மடங்காகிறது. பழைய தடிமனான பிஎஸ்3 ஓடும்போது 200 வாட் அளவில் இழுக்கும், அதாவது இன்வெர்ட்டரில் இரண்டு பிஎஸ்2 சீட்டை டிவியோடு ஓட்டுகிற மின்சாரம். டிஸ்க்கும் ப்ளூரே, பல வருஷம் யாராலும் அந்தப் பூட்டை உடைக்க முடியவில்லை, எனவே ஒரிஜினல்தான். இவ்வளவையும் போட்டு மணிக்கு நாற்பது ரூபாய் கேட்டால், பக்கத்து சீட்டில் அதே கால்பந்து இருபது ரூபாய்க்கு ஓடுகிறது.

பத்தாயிரத்துக்குள் முதல் போட்டு மூன்று மாசத்தில் எடுத்த பழக்கம் அவருக்கு. பிஎஸ்3 சீட் போட்ட காசை எடுக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

இந்த சமயத்தில்தான், 2011 செப்டம்பரிலிருந்து, அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. வைஸ் சிட்டி, ஐஜிஐ என்கிற கம்ப்யூட்டர் கேம்கள் பென் டிரைவில் வீடு வீடாகப் போயின. மத்தியானக் கதை கேம் கூட்டம் முழுசாக அங்கே போய்விட்டது. லேப்டாப்பில் பேட்டரி இருந்ததால் மின்வெட்டிலும் கொஞ்ச நேரம் ஆடலாம். படிப்புக்குக் கொடுத்ததில் விளையாடினார்கள் என்று திட்டினவர்கள் உண்டு. அதில் விளையாட ஆரம்பித்து, கேமில் கார்களை மாற்றிப் போடப் பழகி, இன்றைக்கு சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். அந்த லேப்டாப் டெல்டாவுக்கு வந்த நல்ல விஷயங்களில் ஒன்று. ஆனால் கடைக்கு மிஞ்சியது ஜோடி ஆட்டக் கூட்டம் மட்டும்.

அந்த ஜோடி ஆட்டத்தில் கைவைத்தது பிஎஸ்4 தலைமுறை. 2013ல் சோனியும் மைக்ரோசாஃப்டும் புது மெஷின் அறிவித்தபோது, தன்னுடைய எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தைத் தொட்டாக வேண்டும், பழைய டிஸ்க்கைக் கைமாற்றக் கட்டுப்பாடு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. உலகம் முழுக்க எதிர்ப்பு வந்து 2013 ஜூனிலேயே திரும்பப் பெற்றார்கள். ஆனால் போகிற திசை தெரிந்துவிட்டது. கன்சோல் இனிமேல் இணையத்தை நம்பித்தான் இருக்கும்.

2014ல் பிஎஸ்4 இந்தியாவுக்கு வந்தது, மறுபடி 40 ஆயிரம். அண்ணன் கடன் வாங்கி ஒன்று எடுத்தார். முதல் நாளே கேம் 5 ஜிபி அப்டேட் கேட்டது. 2 எம்பிபிஎஸ் லைனில் அது கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அப்போதைய பிராட்பேண்டில் மாசத்துக்கு இத்தனை ஜிபிதான், அதைத் தாண்டினால் 512 கேபிபிஎஸ் ஆகிவிடும். அந்த வேகத்தில் அதே அப்டேட்டுக்குக் கிட்டத்தட்ட இருபத்திரண்டு மணி நேரம். கடையைப் பூட்டிவிட்டு ராத்திரி முழுக்க மெஷினை ஓடவிட்டு வருவார். டிஸ்க் ஒன்று நாலாயிரம் ரூபாய் வரை. காப்பி கிடையாது.

இதெல்லாம்கூடச் செலவு சார்ந்த தொல்லை, ரேட்டை ஏற்றிச் சமாளித்திருக்கலாம். சமாளிக்க முடியாதது வேறு. சேவ் இப்போது கணக்கோடு ஒட்டியிருக்கிறது. யூஎஸ்பியில் காப்பி எடுத்தாலும் அதே கணக்கில்தான் ஓடும். மெமரி கார்டைச் சட்டைப் பையில் போட்டு மயிலாடுதுறைக்குப் போனவன் இனி போக முடியாது, அவனுடைய ஆட்டம் அண்ணன் கடை மெஷினில் அண்ணன் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கும். கால்பந்தில் புதுசாக எல்லோரும் பேசிய அல்டிமேட் டீம், வீரர்களைச் சேர்த்துச் சேர்த்து மாசக்கணக்கில் அணி கட்டுகிற ஆட்டம். கடையில் ஒரு மணி நேரம் உட்கார்கிறவனுக்கு அதில் எதுவும் இல்லை. பெரிய சுடுகிற கேம்களில் திரையைப் பிரித்து இரண்டு பேர் ஆடுகிற வசதியை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அந்த வசதிக்கே பெயர் போன ஹேலோகூட 2015ல் ஐந்தாம் பாகத்தில் அதைக் கைவிட்டது. "ஃப்ரெண்டோட ஆடணுமா, அவனும் ஒரு மெஷின் வாங்கட்டும், அவனும் ஒரு டிஸ்க் வாங்கட்டும், ரெண்டு பேரும் வருஷ சந்தா கட்டட்டும்" என்பதுதான் புது ஏற்பாடு. கம்பெனிக்கு இதில் லாபம் இருப்பது புரிகிறது. சுவாமிமலையிலிருந்து ஆளுக்குப் பத்து ரூபாயோடு வந்த இரண்டு பையன்களை அந்த ஏற்பாட்டில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

2015, 2016 முற்பாதி நோட்டுகளில் சாயங்காலச் சீட்டு பாதி காலி. ஜியோ வந்தது 2016 செப்டம்பரில். அதனால்தான் செல்போன் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை.

போன் வந்த பிறகு

பப்ஜி மொபைல் 2018 மார்ச்சில் வந்தது. அந்த வருஷமே கடையில் வருமானம் வாடகைக்குக்கூடப் பத்தாமல் போனது. ஆனால் கவனித்தால், பையன்கள் பப்ஜியைத் தனியாக ஆடவில்லை. மகாமகக் குளத்துப் படியில், பஸ் ஸ்டாண்டில், டீக்கடை பெஞ்சில் நாலு பேர் ஒட்டி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு போனோடு ஒரே அணியாக ஆடினார்கள். தோள் உரசி உட்கார்கிற ஆசை எங்கேயும் போகவில்லை. கன்சோல் அதைக் கைவிட்ட இடத்தில் போன் பிடித்துக்கொண்டது, அதுவும் சீட் வாடகை இல்லாமல்.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2019ல் அண்ணன் கடையை மூடினார். 2020 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது, 2022 பிப்ரவரியில் அதே மாதிரி கேமான ஃப்ரீ ஃபயரும் தடையில் போனது. 2021 ஜூலையில் பப்ஜிக்குப் பதிலாக வந்த பிஜிஎம்ஐ நடுவில் ஒரு வருஷம் போல முடங்கி 2023ல் திரும்ப வந்தது. ஒரு அறிவிப்பில் மறைந்துபோகிற விளையாட்டு என்பது கேசட் காலத்துப் பையனுக்கு விளங்காத விஷயம். அவன் கேசட் இன்றைக்கும் ஊதி மாட்டினால் ஓடும்.

பணம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இது எனக்கு முக்கியம். அண்ணன் கடையில் ஒரு பையன் அதிகபட்சம் இழக்கக்கூடியது பையில் இருந்த காசு. அது தீர்ந்தால் எழுந்து போய்விட வேண்டும், கடன் கிடையாது. போனில் துப்பாக்கிக்குச் சட்டை வாங்க, பெட்டி திறக்க, அப்பாவின் யூபிஐ திறந்தே கிடக்கிறது, எழுந்து போ என்று சொல்ல ஆள் இல்லை. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்ட பெரியவர்கள் கதை வேறு. அதற்கென்று தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடுகிற ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. இதில் கெட்டது என்னவென்றால், பெற்றோர்கள் டெக்கனையும் ரம்மியையும் ஒரே பெயரில் "கேம்" என்று சேர்த்துத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல என்று அழுத்தமாகவே சொல்வேன்.

வேறு என்ன செய்திருக்கலாம்

இதை அண்ணனோடு பல தடவை பேசியிருக்கிறேன். பிஎஸ்4 வாங்காமல், நாலு பிஎஸ்2வையும் எட்டாக்கி, மணிக்குப் பதினைந்து ரூபாய் என்று இறக்கியிருந்தால்? இன்னும் இரண்டு வருஷம் ஓடியிருக்கும் என்பது என் எண்ணம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. 2013க்குப் பிறகு டிஸ்க்கைப் படிக்கிற லென்ஸ் கிடைப்பது கஷ்டமானது, காப்பி டிவிடி லென்ஸைச் சீக்கிரம் தின்றுவிடும், கிடைத்த லென்ஸும் வந்த மாசத்திலேயே போகும் என்றார். ரிப்பேர் தெரிந்தவர் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். பொங்கல் லீவில் போட்டி வைத்திருக்கலாம் என்றேன். தை மாசம் அறுவடை முடிந்து கையில் காசு புழங்குகிற நேரம், வெளியூரில் படிக்கிறவர்களும் ஊருக்கு வந்திருப்பார்கள். அதை அவர் ஏற்றுக்கொண்டார். நோட்டிலும் வருஷம் தவறாமல் தை மாதப் பக்கங்கள்தான் நெருக்கமாக இருக்கின்றன. கன்சோலையே வீட்டுக்கு வாடகைக்கு விடுவதை ஒருமுறை முயன்று பார்த்தார். திரும்பி வந்த மெஷினுக்குள் எறும்பு கூடு கட்டியிருந்தது, அத்தோடு விட்டுவிட்டார்.

இப்போது அண்ணன் அதே சந்தில் செல்போன் சர்வீஸ் பார்க்கிறார். போன மாசம் மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி வந்து, பிஎஸ்5 கடை போடலாமா என்று யோசனை கேட்டான். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் ஏசி போட்டுப் புதுசாக நடத்துகிறார்கள், அதைப் பார்த்து வந்த ஆசை. அண்ணன் ஒரு பழைய பில் பின்னால் கணக்குப் போட்டுக் காட்டினார். இங்கே வந்த புதிதில் மெஷின் 49,990, புது டிஸ்க் ஒன்று 4,999, பெரிய டிவி, ஏசி, வாடகை. மணிக்கு நூறு ரூபாய் வாங்கினாலும் அந்த ஒரு டிஸ்க்கின் காசை எடுக்கவே ஐம்பது மணி நேரம் சீட் ஓட வேண்டும். கதை கேம் வாங்காதே, சண்டை, மல்யுத்தம், கால்பந்து, கிரிக்கெட் போதும் என்றார். ஒரு டிவிக்கு இரண்டு ஜாய்ஸ்டிக் இல்லாமல் ஓடாத கேமாகப் பார்த்து வாங்கு, சோபா நாலு பேர் உட்கார்கிற மாதிரி போடு, பின்னால் நிற்கிறவனை விரட்டாதே, அடுத்த மணிக்குக் காசு கொடுக்கப் போகிறவன் அவன்தான் என்றார். தம்பி யோசித்துவிட்டு பிஎஸ்5 எண்ணத்தைத் தள்ளிப்போட்டான். இரண்டு பழைய பிஎஸ்4 வாங்கியிருக்கிறான், ஜாய்ஸ்டிக்கில் கட்டைவிரலால் தள்ளுகிற அனலாக் குச்சியை மாற்றித் தர அண்ணனிடமே கொண்டுவந்து கொடுத்திருக்கிறான், தைக்குள் கடை திறக்க வேண்டுமாம்.